காயாத மூலை

பச்சைமலையின் அடிவாரத்தில் ஒரு சிறு மடம் இருந்தது. அதன் குரு மெய்யம்மைக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவரான பொற்கொடிக்கு அறுபத்திரண்டு. குரு சீடரை ‘அக்கா’ என்று அழைத்தார். சீடர் குருவை ‘அம்மா’ என்று அழைத்தார்.

“இந்த மடத்துல உறவுமுறையே தலைகீழா நடக்குது” என்பாள் சமையல்காரி அஞ்சலை.

பொற்கொடி முப்பத்தைந்து ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவர். ஓய்வுபெற்ற மறு ஆண்டு, ஒரே மகன் இளவரசன் மூளைக்காய்ச்சலில் பதினொரு நாள் கிடந்து இறந்துபோனான். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு பங்குனி மாதக் காலையில், துணிப்பையுடன் மடத்துக்கு வந்தார்.

“என்ன வேணும், அக்கா?” என்று கேட்டார் மெய்யம்மை.

“அழுகை நிக்கணும்.”

“ம்.”

“பஸ்ல, காய்கறிக் கடையில, எங்கன்னு இல்லாம வருது. ஆடி மாசம் வரைக்கும் இருந்து பார்க்கிறேன். அதுக்குள்ள நிக்கலேன்னா போயிடறேன். மத்தவங்க மௌனத்தைக் கெடுத்துக்கிட்டு இங்க உக்காந்திருக்க மாட்டேன்.”

குரு மறுக்கவும் இல்லை, உறுதி தரவும் இல்லை. பொற்கொடியைச் சமையற்கட்டின் பின்புறம் அழைத்துச் சென்றார். பாத்திரம் கழுவும் நீர் வந்து சேரும் மூலை அது. மலையின் ஊற்றுக் கசிவும் அங்கேதான் மேலெழுந்தது. கோடையிலும் மண் சொதசொதவென்று கிடந்தது.

“இந்த மூலையைப் பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் பொற்கொடிக்கு ஐயமே எழவில்லை. ஆயிரமாயிரம் புண்களுக்குக் கட்டுப் போட்ட கைகள் அவருடையவை. ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும், உலர்த்தினால்தான் ஆறும் என்பது அவர் கற்ற முதல் பாடம். உடைந்த செங்கற்களைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினார். மேலே ஆற்றுமணல் பரப்பினார். ஓரத்தில் வாய்க்கால் வெட்டினார். ஒரே வாரத்தில் மூலை வெள்ளைத் துணிபோல உலர்ந்து கிடந்தது. அதில் துளசி நட்டார்.

மூன்றாம் வாரம் செங்கற்களின் இடுக்கு வழியே நீர் மேலேறியது. துளசியின் வேர் கறுத்துப்போயிற்று.

இன்னும் உயரமாக மேடு கட்டிச் செம்பருத்தி வைத்தார். அது மஞ்சளித்து இலை உதிர்த்தது. அடுத்து வைத்த மல்லிகைக்குத் தண்டே குழைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அங்கிருந்த பாத்திரம் கழுவும் கல்லின்மேல் உட்கார்ந்து அழுதார். செடிக்காக அழுகிறோமா, மகனுக்காகவா என்று அவருக்கே பிரித்தறிய முடியவில்லை.

மல்லிகையைப் பிடுங்கி எறிந்த அன்று அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியில அனுப்பி வச்சது போதாதா, நர்சம்மா? இங்கேயும் வரிசையா அனுப்புறீங்களே!”

விளையாட்டாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொற்கொடி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

ஆடி பிறந்தது. அன்றைய மௌன அமர்வில், பன்னிரண்டு பேர் கண்மூடி இருந்த கூடத்தில், பொற்கொடியின் விம்மல் வாய்விட்டு எழுந்தது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு எழுந்து வெளியேறினார்.

மறுநாள் விடிந்ததும் துணிப்பையுடன் குருவின்முன் நின்றார்.

“ஏழே கால் பஸ்ஸுக்குப் போறேன், அம்மா. மூலையும் காயல, நானும் காயல.”

“சரி, அக்கா. நேரம் இருக்கு. ஓடை வரைக்கும் கூட வாங்க.”

குரு ஒரு கடப்பாரையையும் காய் நறுக்கும் கத்தியையும் எடுத்துக்கொண்டார். ஓடைப் பாலத்தின் அடியில், கணுக்கால் அளவுச் சேற்றில், அகன்ற இலைகளோடு ஒரு புதர் அடர்ந்து நின்றது.

“கல்வாழையா?” பொற்கொடி முகத்தைச் சுளித்தார். “சாக்கடை ஓரத்துல கிடக்குமே, அதுவா?”

“அதுவேதான். இப்படிப் பிடிங்க.”

இருவரும் சேர்ந்து நெம்பினார்கள். பின்னிப் பிணைந்த கிழங்கு சேற்றோடு மேலே வந்தது. குரு அதைத் துண்டுகளாக நறுக்கினார். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று முளைக்கண்கள் இருக்கும்படி பார்த்து நறுக்கினார். வெட்டிய இடம் வெள்ளையாய் நீர் கசிந்தது. அதைக் கண்டதும் பொற்கொடியின் கை தானாக நீண்டது.

“அப்படியே நட்டுடக் கூடாது, அம்மா. வெட்டுவாயில அடுப்புச் சாம்பல் தடவணும். ஒரு நாள் நிழல்ல கிடக்கணும். இல்லேன்னா அழுகிடும்.”

“ஒரு நாளா?”

“கட்டாயம் ஒரு நாள்.”

“உங்க பஸ்?”

பொற்கொடி கிழங்கைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

“நாளைக்கும் அதே பஸ் வருமில்ல?”

அன்று பகல் முழுதும் இருவரும் மூலையிலிருந்து செங்கற்களை வெளியே எடுத்தார்கள். குருவின் புடவை முழங்கால் வரை சேறாயிற்று. நடுவில் அஞ்சலை தன் கூடையோடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை. மற்ற இருவரும் எடுத்ததைவிட இரண்டு கூடை அதிகமாகவே எடுத்தாள்.

மறுநாள் காலை பள்ளத்தில் நீர் கோத்து நின்றது.

“மூழ்கிடும், அம்மா.”

“நட்டுடுங்க.”

முளைக்கண் மேல்நோக்கி இருக்கும்படி, நான்கு விரல் ஆழத்தில் பொற்கொடி நட்டுக்கொண்டிருந்தபோது, சாலையில் பேருந்து ஒலியெழுப்பிக் கடந்து போயிற்று. கைகள் மணிக்கட்டு வரை சேற்றுக்குள் இருந்தன.

“முளை விடுற வரைக்கும் இருக்கிறேன்” என்றார், யாரும் கேட்காமலே.

பதினெட்டாம் நாள் சுருட்டிய காகிதம்போல் ஒரு குருத்து நீரைத் துளைத்து வந்தது.

“இலை விரியட்டும். பார்த்துட்டுப் போறேன்.”

இலை விரிந்தது. கூடவே புழுவும் வந்தது. அது இலையைச் சுருட்டி, விளிம்பை நூலால் தைத்துக்கொண்டு உள்ளே இருந்து தின்றது. கிழியாமல் அந்தத் தையலைப் பிரித்துப் புழுவை எடுக்கும் பொறுமை மடத்தில் வேறு யாருக்கும் இல்லை. தினமும் காலையில் பொற்கொடி ஒவ்வோர் இலையாகப் பிரித்தார். ஐப்பசி மழையில் முதல் பூ வந்தது. செந்நிறம், இதழில் மஞ்சள் புள்ளிகள். அதன் பிறகு அவர் பேருந்தைப் பற்றிப் பேசவில்லை.

“ஒண்ணு பறிச்சுக்கட்டுமா, நர்சம்மா?” என்றாள் அஞ்சலை.

“கேக்காம பறிச்சிருந்தா விரலை ஒடிச்சிருப்பேன். கேட்டுட்டே, ரெண்டு எடுத்துக்க.”

பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டவேண்டும், அது மறுபடி பூக்காது, பக்கத்துக் குருத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்பதையெல்லாம் செய்து செய்தே தெரிந்துகொண்டார். முதல் தண்டை வெட்ட மட்டும் நான்கு நாள் எடுத்துக்கொண்டார்.

அழுகை நிற்கவில்லை. அது வந்தபோதெல்லாம் கழுவும் கல்லில் உட்கார்ந்துகொண்டு இலைகளைப் பிரித்தார்.

மாசி மாதத்தில் மகன் இறந்த நாள் வந்தது. விடியற்காலையிலிருந்தே பொற்கொடி அந்தக் கல்லில் இருந்தார். அன்று இலை பிரிக்கவும் கை எழவில்லை. சற்றுப் பொறுத்து மெய்யம்மை அங்கே வந்து நின்றார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். மனசுக்கு ஆறுதலா ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“கேளுங்க.”

“முப்பத்தஞ்சு வருஷம் வார்டு வாசல்ல நின்னு நான் சொல்லியிருக்கிறேன், ‘நாள் போனா சரியாயிடும்மா’ன்னு. எத்தனை தாய்ங்க கையைப் பிடிச்சுச் சொன்னேன்! அப்புறம் எனக்கும் எல்லாரும் அதையே சொன்னாங்க. நீங்க மட்டும்தான் இதுவரைக்கும் சொல்லல.” பொற்கொடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். “இது எப்போ நிக்கும்?”

மெய்யம்மை புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கிக் கல்லை நோக்கி நடந்து வந்தார்.

“நிக்காது, அக்கா” என்றார். “கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எனக்கும் இடம் வேணும்.”