முதலை நாச்சியின் கண்ணீர்

காட்டாற்று மடுவோரம் ஒரு நாவல் மரத்தில் சொக்கன் என்ற கிளி இருந்தது. ஊரில் ஆங்கில வகுப்பு நடந்த வீட்டின் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி அது. அங்கே அரைகுறையாகக் கேட்டதையெல்லாம் காட்டில் அவிழ்த்துவிடும்.

"ஆங்கிலத்தில் மழை பெய்தால் பூனையும் நாயுமாகக் கொட்டும்!" என்றது ஒருநாள்.

அணில் பயந்துபோய் வானத்தைப் பார்த்தது. "ஐயோ, நாய் தலையில விழுந்தா நான் என்ன ஆவேன்!"

"பயம் வந்தால் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கும்!"

"அதை எப்ப முழுங்கினாங்க?" என்று கேட்டது முயல்.

கிளிக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "ஆங்கிலத்தில் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்!" என்று அடித்துவிட்டது. காடும் தலையாட்டியது.

கோடை வந்தது. ஆறு வற்றி, அந்த மடுவில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. ஒரு மாலை, பூங்கொடி என்ற மான் தன் குட்டியோடு தாகத்தில் தள்ளாடி வந்தது. எதிர்க்கரை மணலில் நாச்சி என்ற முதலை அழுதுகொண்டிருந்தது.

"குடிக்காத! மீன் பிடிக்க வந்தவங்க தண்ணியில நஞ்சைக் கலந்துட்டாங்க. அவங்க விட்டுட்டுப் போன மீனைத் தின்னு என் குட்டிங்க எல்லாம் செத்துப்போச்சு!"

கிளி சிரித்தது. "நம்பாதே! முதலை விடுவது பொய்க் கண்ணீர். ஆங்கிலத்திலேயே அப்படித்தான் சொல்வார்கள்!"

"அது எப்படி, கண்ணீர் பொய்யா இருக்கும்?" என்று மான் குழம்பியது.

"முதலைக் கண் அப்படி! தண்ணீரைத் தானே வைத்துக்கொள்ளப் பார்க்கிறது!"

குட்டி தாயை உரசி நின்றது. "அம்மா, நம்மளைத் தின்ன நினைச்சா கிட்ட வான்னுதானே கூப்பிடும்? இது போகச் சொல்லுதே!"

"சும்மா இரு! படிச்ச கிளி சொல்லுது."

பூங்கொடியின் கூட்டத்தில் தாய் குடித்த பிறகே குட்டி குடிக்கும். தாய் குனிந்து வயிறு நிறையக் குடித்தது. சற்று நேரத்தில் கால்கள் துவண்டு மணலில் சாய்ந்தது.

"நீ குடிக்காதடா..." என்றது. அதோடு அதன் மூச்சு நின்றது.

குட்டி அழுதது. எதிர்க்கரையில் நாச்சியும் அழுதது. கிளி இரண்டு பேரின் கண்களையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பாவி, அதை முன்பே பார்த்திருக்கக் கூடாதா!

புரியாத பேச்சைப் பெரிதாக நம்பி, கண்ணெதிரே அழுபவரின் சொல்லைத் தள்ளிவிட்டால், அடுத்து நாம்தான் அழ வேண்டியிருக்கும்.