பத்து நாள் விரதம்

விரதம் இருப்பதென்றால் அந்த மடத்தில் அம்மாவிடம் உத்தரவு வாங்க வேண்டும். கொள்ளிடக் கரையில் பத்துப் பேர் மட்டும் இருக்கும் சின்ன மடம். அம்மா என்றால் உமையாள் அம்மை. வயது நாற்பதுதான். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

மாசிலாமணி ஓதுவாருக்கு ஐம்பத்தெட்டு. மன வியாதிக்காகப் பதினோரு வருஷமாக விடாமல் மாத்திரை சாப்பிடுகிறவர். வீட்டை விட்டு மடத்துக்கு வந்தும் அத்தனை வருஷம் ஆகிறது. ஒரு நாள் காலை வந்து நின்றார்.

"பத்து நாள் விரதம் இருக்கணும்மா. பால் மட்டும்தான்."

"என்ன வேண்டுதல்?"

"மக கல்யாணம்."

"நல்ல விஷயம். மாத்திரை?"

ஓதுவார் தரையைப் பார்த்தார். "வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு டாக்டரே சொல்லியிருக்காரும்மா."

கெட்டிக்காரர்தான். மடத்தில் இருந்துகொண்டு விரதத்தை யார் தடுப்பார்கள்? ஆனால் அம்மாவிடம் அந்தப் பருப்பு வேகுமா?

"விரதம் வயித்துக்கா, மாத்திரைக்கா?" என்று கேட்டார் அம்மா.

அவ்வளவுதான். மனிதர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். விரல்கள் அவை பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தன. கடைவாயில் எச்சில் இறங்கியது. தோள் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படிம்மா தாரை வார்ப்பேன்? சம்பந்தி வீட்டு ஜனம் மொத்தமும் இதைத்தானே பார்க்கும்? நாக்கு தடிச்சுக் கெடக்கு, ஒரு பதிகம் உருப்படியா வர மாட்டேங்குது. மாத்திரையை நிறுத்தினா நாலஞ்சு நாள்ல ஆட்டம் நின்னுடும். பத்தே நாள்மா. தாலி ஏறின அன்னைக்கே திரும்பப் போட்டுக்கறேன். சத்தியம்."

"கை ஆடுறதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படி இருக்கீங்கம்பாரு. நல்லா இருக்கேம்பேன். பதினோரு வருஷமா அதான் நடக்குது. பெரிய மனுஷர்கிட்ட போய் எச்சில் வடியுதுன்னா சொல்றது?"

அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்லா இருக்கே நியாயம்! நாளைக்கு நானும் கூட வரேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்வேன். வேற மாத்திரை இருக்கான்னு கேட்போம்."

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"போன தடவை நிறுத்தினப்ப என்ன ஆச்சு?"

மடத்தில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஓதுவார் மெதுவாகச் சொன்னார்.

"காதுல குரல் கேட்டுது. திலகாவைத் தூக்கிட்டுப் போக ஆள் வரான்னு சொல்லிக்கிட்டே இருந்துது. புள்ளையை அறையில வச்சுப் பூட்டிட்டு வாசல்ல காவல் உக்காந்துட்டேன். ரெண்டு நாள். தண்ணி கேட்டு அழுதிருக்கா. அது அவ இல்லை, வந்தவன்தான் அவ குரல்ல அழறான்னு நெனச்சேம்மா. ஊருக்குப் போயிருந்த அவ அம்மா வந்து கதவை ஒடைச்சா. அப்போ பன்னெண்டு வயசு அவளுக்கு."

"இப்ப திலகா என்ன சொல்றா?"

"அப்பா வந்து நின்னாத்தான் மணையில உக்காருவேங்கறா."

அம்மா எழுந்துபோய் ஒரு தேங்காயும் செம்பு நிறையத் தண்ணீரும் கொண்டுவந்தார். ஓதுவாரைக் கிழக்கே பார்க்க நிறுத்தினார். அவர் கையில் தேங்காயை வைத்து, அதன்மேல் தன் இடக்கையை வைத்து, வலக்கையால் தண்ணீரை ஊற்றினார்.

கை ஆடியது. தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. அவர் வேட்டியும் நனைந்தது, அம்மாவின் புடவையும் நனைந்தது.

"பார்த்தீங்களா? ஊரே சிரிக்கும்."

"ஆடாத கையில ஊத்தினா தண்ணி எங்க போகும்?"

ஓதுவார் யோசித்தார். "கீழதான்."

அம்மா மறுபடி ஊற்றினார். செம்பு காலியாகும்வரை ஊற்றினார். தேங்காய் விழவே இல்லை.

விரதப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஓதுவார் வேட்டியைப் பிழிந்துகொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"கையும் வாயும் எப்படியோ போகட்டும்மா. எனக்கு அழுகையே வர மாட்டேங்குது. எங்கம்மா செத்தப்பவும் வரலை. இப்ப இவ்வளவும் சொன்னேனே, வந்துதா? உள்ளே எல்லாம் மரத்துப்போச்சு. பெத்த பொண்ணைத் தாரை வார்க்கும்போது கட்டை மாதிரி நின்னா அவ என்ன நெனைப்பா?"

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கல்யாணத்தன்னைக்கு அவ அழுவா, ஓதுவாரே. இந்தத் தடவை அவதான் அழறான்னு உங்களுக்குத் தெரியும்."