ஏழு ஜோடிச் செருப்பு

சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வீட்டோடு ஒட்டிய அலுவலகம். அங்கே வருகிற மனுக்களுக்கெல்லாம் பதில் எழுதுவது தெய்வசிகாமணியின் வேலை. அரிசி ஆலை மூடிய பிறகு, ஐம்பதாவது வயதில் வந்து சேர்ந்தவர். வேலை கற்றுக்கொடுத்தது தொலைபேசி பார்க்கும் அஞ்சுகம். அவரைவிடப் பத்து வயது சின்னவள். அவர் அவளை ஆசான் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

முதல் நாள் அவள் சொன்ன பாடம் ஒன்றுதான்.

“மனுவை அப்புறம் படிங்க. முதல்ல வாசல்ல கிடக்கிற செருப்பை எண்ணுங்க. ஒண்ணு ரெண்டு ஜோடின்னா நீல ஃபைல். அஞ்சு ஜோடிக்கு மேலன்னா நேரா ஐயா மேஜை.”

நான்கு வருடமாக அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தார். நீல ஃபைலுக்குப் போனவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: ‘தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு வருகிறது.’ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வார்.

அந்த ஆவணியில் அவரே ஒரு மனு எழுதினார். அலுவலகத்தில் வேலைக்கு ஏழு பேர். ஒருவருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடையாது. வேலைக்குச் சேர்ந்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. லீவு என்று வாயெடுத்தால், “தொண்டுக்கு ஏதுய்யா லீவு?” என்பார் மேலாளர், ஐயாவின் மைத்துனர். தருமபுரியில் மகளுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். பேத்தியின் முகத்தை இவர் இன்னும் போட்டோவில்தான் பார்த்திருந்தார். காதுகுத்து இவருக்காக இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.

வாரம் ஒரு நாள் ஓய்வு கேட்ட அந்த மனுவை, வருகிற மனுக்களைப் போடும் தட்டில் வைத்தார். மூன்றாம் நாள் அது அவருடைய மேஜைக்கே திரும்பி வந்தது. மூலையில் மேலாளரின் கையெழுத்து: ‘பதில் அனுப்பவும்.’

பழக்க தோஷம், பேனாவைத் திறந்து ‘தங்கள் கோரிக்கை கனிவுடன்’ வரைக்கும் எழுதிவிட்டார். அங்கேதான் கை நின்றது.

அஞ்சுகத்திடம் எடுத்துப் போனார். படித்துவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காதீங்க ஆசானே. ஒரு ஆள் கேட்டா நியாயம் நியாயமில்லையா?”

“நியாயந்தான். யாரு இல்லேன்னது? கையெழுத்துகூட முத்து முத்தா இருக்கு.”

“அப்புறம் ஏன் நீல ஃபைலுக்கு வந்துச்சு?”

“நீங்க மனு கொடுத்த அன்னிக்கு முன்வாசல்ல எத்தனை ஜோடி கிடந்துச்சு?”

யோசித்தார். “நாம பின்வாசல்லதானே விடுறோம்.”

அவள் எழுந்தாள். பின்வாசலுக்குப் போய்த் தன் செருப்பைக் கையில் எடுத்து வந்து, முன்வாசல் படிக்குக் கீழே சேர்த்து வைத்தாள்.

சிகாமணி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கேட்க நாதியில்லை. பிறகு தன் செருப்பையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

“ரெண்டு ஜோடி. இதுவும் நீல ஃபைல்தானே?”

“மத்தவங்களைப் போய்ப் பாருங்க. பேத்தி கதையைச் சொல்லாதீங்க. அவங்க கதையைக் கேளுங்க.”

போனார். டிரைவர் யாகூப் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. டீ போடும் பவுனு, முழங்கால் வீக்கத்தைப் புடவையை விலக்கிக் காட்டினாள். நான்கு வருடம் அவள் கையால் டீ குடித்தவருக்கு அது தெரியாது. மற்ற மூவரிடமும் ஆளுக்கொன்று இருந்தது. பழைய மனுவைக் கிழித்துவிட்டு, ஏழு பேர் பெயரிலும் புதிதாக எழுதினார்.

“என் செருப்பு வார் அறுந்தது,” என்றாள் பவுனு.

“அறுந்ததும் ஒரு ஜோடிதான்மா.”

வியாழக்கிழமை காலை ஐயா மாடியிலிருந்து இறங்கி வந்தார். வாசலைப் பார்த்தார். ஏழு ஜோடி.

“எந்த ஊர் ஆளுங்க? காக்க வைக்காதே, உள்ளே கூப்பிடு.”

மேலாளர் பெஞ்சுப் பக்கம் கை காட்டினார். “நம்ம ஆளுங்கதான் மாமா.”

பார்வையாளர் பெஞ்சில் ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐயா அவர்களைப் பார்த்தார். செருப்புகளைப் பார்த்தார். மறுபடி அவர்களைப் பார்த்தார்.

“சட்டை மாத்திட்டு வர்றேன். இருங்க,” என்று மாடியேறினார்.

அப்போது தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சிகாமணி பாதி எழுந்துவிட்டார்.

“ஆசானே, போன்.”

அஞ்சுகம் மடியில் கைகோத்தபடி அசையாமல் இருந்தாள்.

“உக்காருங்க அண்ணே. நாம இன்னைக்கு மனு கொடுக்க வந்தவங்க.”