சோணைமுத்துவின் கெண்டைக்கால் அளவு

வெள்ளைப்பாறைப்பட்டி வடம் இழுக்கும் அணியில் ஐந்து பேர். பலத்துக்கு ஒரு குறையும் இல்லை. மூளையை மட்டும் யாரிடம் கொடுத்து வைத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. கடைசி ஆள் சோணைமுத்து. வடத்தின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் நின்றால் நின்றதுதான். இருபது வருஷமாக யாரும் அவரை அசைத்ததில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்தது. தொந்தி முன்னே போனது, கால் இளைத்தது. ஒருநாள் டீக்கடை பெஞ்சிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியிருந்தது. திருவிழாப் போட்டிக்கு ஒரு மாதம்தான். வடம் பிடிக்காத திருவிழாவை நினைத்தாலே மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

மற்ற நால்வரும் அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள். எடை மெஷினை மட்டும் நம்ப வேண்டாம் என்றார் அவர். கொழுப்பு ஏறிச் சதை கரைந்தாலும் எடை அப்படியே நிற்கும். அதனால் கெண்டைக்காலையும் இடுப்பையும் டேப்பால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். அன்று கால் முப்பத்து நாலு சென்டிமீட்டர். அதற்குக் கீழே போகக் கூடாது. இடுப்பு நூற்றுப் பன்னிரண்டு. அது குறைய வேண்டும். பருப்பும் முட்டையும் சாப்பிட வேண்டும். கால் தேறினால் போட்டி, இல்லாவிட்டால் வேடிக்கை பார்க்கலாம்.

கடைசியாக, “டேப்பு தொங்கக் கூடாது” என்றும் சொல்லிவிட்டார். வடம் இழுக்கிறவர்களிடம் சொல்கிற பேச்சா அது?

ஊருக்கு வந்ததும் காலில் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். இந்தப் பக்கம் பூலோகமும் சடையனும், அந்தப் பக்கம் ஒச்சப்பனும் தவசியும் குதிகாலைத் தரையில் புதைத்து இழுத்தார்கள். சோணைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கால் முப்பது. அடுத்து இடுப்பு. அது நூறு.

நால்வரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

“காலும் கொறஞ்சிருச்சு, வயிறும் கொறஞ்சிருச்சு. அப்ப சதை எங்கதான் போச்சு?” என்றான் பூலோகம்.

ஒச்சப்பன் குனிந்து பார்த்தான். “டேப்புக்கு மேல கொஞ்சம், கீழ கொஞ்சம் ஒதுங்கி நிக்குதுப்பா. நாம வர்றது தெரிஞ்சு ஓடுது.”

அப்படியானால் ஓட விடாமல் தினமும் அளக்க வேண்டியதுதான் என்று முடிவாயிற்று. காலையில் ஒரு இழுப்பு, மாலையில் ஒரு இழுப்பு. சோணைமுத்துவும் போட்டி ஆசையில் முட்டையைத் தின்றுவிட்டு அசையாமல் நின்று கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து நோட்டைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கால் இருபத்தாறு, இடுப்பு எண்பத்தெட்டு. சோணைமுத்துவுக்குக் கண் கலங்கியது. டாக்டரம்மா தன் டேப்பை எடுத்துத் தானே அளந்தார். கால் முப்பத்தைந்தரை, இடுப்பு நூற்றெட்டு.

எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார். நால்வரும் செய்தே காட்டினார்கள். டேப்பு அறுந்து ஆளுக்கொரு மூலையில் விழுந்தார்கள். சோணைமுத்து மட்டும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

“தெனமும் நாலு பேரு இழுத்து, இவரு ஊன்றி நின்னதுல கால் தேறியிருக்கு. போட்டிக்குப் போகலாம்” என்றார் டாக்டரம்மா. “ஆனா இனிமே இவரு மேல எதைச் சுத்தினாலும் யாரும் இழுக்கக் கூடாது. மெல்லப் படிய வச்சாப் போதும்.”

திருவிழா வந்தது. எதிரே கீழப்பட்டி அணி. சோணைமுத்து பெருமையாக வடத்தை இடுப்பில் சுற்றினார். விசில் ஊதியதும் நால்வரும் வடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். கீழப்பட்டியின் ஐந்து பேரும் மூச்சைப் பிடித்து இழுக்க, சோணைமுத்து ஒற்றை ஆளாகப் புளியமரம் மாதிரி நின்றார்.

பூலோகம் அவர்களிடம் ஓடினான். “தம்பிகளா, டாக்டரம்மா உத்தரவு. இழுத்தா அளவு தப்பா வரும். கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க.”

டாக்டர் உத்தரவு என்றதும் கீழப்பட்டிக்காரர்கள் பயந்துபோய்த் தளர்த்தினார்கள். சோணைமுத்து பின்னால் பத்து எட்டு வைத்தார். வெற்றி என்று விசில் ஊதினார்கள்.

கோப்பையைக் கூட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நால்வரும் சோணைமுத்துவின் இடுப்பில் சுற்றியிருந்த வடத்தை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்: “இன்று இடுப்பு அறுபத்து மூன்று அடி. யாரும் இழுக்கவில்லை.”