அன்னத்தாயின் முழங்கால்

ஆராய்ச்சிக்கூடத்திலேயே தலை நரைத்த பிறகுதான் குணாளனுக்கு நோயாளிகளைப் பார்க்கும் ஆசை வந்தது. அந்தச் சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்குக் குருவாக வாய்த்த டாக்டர் மரகதவல்லி, வயதில் அவரைவிட இளையவர். வாய் மட்டும் மூத்தது.

அன்று குணாளன் துள்ளாத குறையாக அறைக்குள் வந்தார்.

"மேடம், இட்லிக்கடை அன்னத்தாய் போன வருஷம் முழங்கால் வலின்னு வந்தாங்களே? வயசு, எடை, வேற எங்கெல்லாம் வலிக்குதுன்னு எல்லாம் கேட்டு, ஒரு வருஷத்துல நடமாட்டம் நின்னுடும்னு சொன்னேன். நின்னுபோச்சாம்! மகன் வந்து சொல்லிட்டுப் போறார்."

"சந்தோஷமா?"

"கணிப்பு சரியா வந்திருக்கே. ஆனா எக்ஸ்ரேயில தேய்மானம் கொஞ்சம்தான் இருந்தது. எப்படி இவ்வளவு சரியா வந்ததுன்னுதான் புரியல."

மரகதவல்லி எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். குணாளன் பின்னாலேயே போனார்.

அன்னத்தாய் தன் வீட்டுக் கூடத்துக் கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில், நடுவே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. மருமகள் தட்டோடு நின்று ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தையை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடறதில்ல சார்," என்றாள் பெருமையாக. "நீங்க சொன்ன அன்னிக்கே கடையை நாங்க பாத்துக்கிட்டோம். மறுநாளே கட்டில் வாங்கிப் போட்டாச்சு. எழுந்தா திட்டுவோம்."

"நல்லாத்தான் பாத்துக்கறாங்க," என்றாள் அன்னத்தாய் சுவரைப் பார்த்து.

"தொடையைத் தொட்டுப் பாருங்க டாக்டர்," என்றார் மரகதவல்லி.

குணாளன் தொட்டார். தோலும் எலும்பும்தான் கைக்கு அகப்பட்டன. இனி இந்தக் கால் ஆளைத் தாங்காது என்று விரலுக்கே தெரிந்தது. முட்டியில் வீக்கம்கூட இல்லை.

"இது முட்டியால வந்ததில்லையே," என்றார் மெல்ல. "உக்காந்தே இருந்து..."

"உக்கார வெச்சதால," என்றார் மரகதவல்லி.

குணாளன் கையை எடுத்துக்கொண்டார். "நீங்களாவது அன்னிக்கே தடுத்திருக்கலாமே மேடம்?"

"'பாக்கலாம், நடந்துகிட்டே இருங்க'ன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றேன். இதெல்லாம் ஒரு பதிலான்னு சிரிச்சவர் நீங்கதான்."

அன்னத்தாய் எட்டி குணாளனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"அச்சு அசலாச் சொன்னீங்களே சார், நீங்கதான் டாக்டரு. இப்பவும் பாத்துச் சொல்லுங்க. கடை வரைக்குமாவது போவேனா? என் அடுப்புல இவ என்னத்தை வேக வெக்கறாளோ, ஒருதரம் பாத்துடணும்."

மருமகள் தட்டைக் கீழே வைத்தாள். வீடே குணாளனின் வாயைப் பார்த்தது. அவர் மரகதவல்லியைப் பார்த்தார்.

"என்ன மேடம் சொல்லட்டும்?"

"எனக்கென்ன தெரியும்? உங்க வாக்குதானே பலிக்குது. சொல்லுங்க."