ஒரே வார்த்தையில் சொல்லும்மா

கதையை அவசரப்படாமல் கேளுங்கள். அவசரப்பட்டவர்கள்தான் இதில் ஏமாந்து போனார்கள்.

திருப்பூரில் பனியன் வாங்கி நைஜீரியாவுக்கு அனுப்புகிறவன் ஒபின்னா. அவன் மனைவி சுகுணா அவிநாசிப் பக்கத்துக்காரி, நிறைமாதத்தை நெருங்கியவள். குடியிருந்த மூன்றாம் மாடி அறைக்கு அவளால் ஏறி இறங்க முடியவில்லை. பிரசவத்துக்குள் தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும். கேட்டது அவ்வளவுதான்.

குழந்தைவேலு என்பவரின் வீடு காலியாக இருந்தது. முதல் நாள் ஒபின்னா தனியாகப் போனான். அவர் அவனை உட்காரவைத்து, காபி கொடுத்து, "கறுப்பா இருந்தா என்னங்க, நாங்க மட்டும் வெள்ளையா?" என்று சிரித்துச் சாவியையும் கையில் கொடுத்துவிட்டார். மேல் வீட்டுப் பெண்மணி மட்டும் அவனைக் கண்டதும் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அதையும் மறந்துவிடாதீர்கள், அதுவும் நடந்ததுதான்.

மறுநாள் சுகுணாவும் கூட வந்தாள்.

"அம்மணிக்கு எந்த ஊருங்க?" என்றார் குழந்தைவேலு.

சொன்னாள்.

"ஊருக்குள்ளயா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கமுங்க."

உள்ளே காபி கொதிக்கிற வாசனை வந்தது, காபி வரவில்லை. குழந்தைவேலு கையை நீட்டினார். "மகன் வர்றேங்கிறான். வீடு தோதுப்படாதுங்க" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஒபின்னாவின் நண்பன் ஒருவன் 'கறுப்பர் என்பதால் வீடு மறுப்பு' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டான். ஊர் மானம் கப்பலேறியது. நம்மவர்களுக்கு எது நடந்தாலும் ஒரு பட்டிமன்றம் போட்டால் தீர்ந்தது. மண்டபம் பிடித்தார்கள். தலைப்பு, 'நம்மிடம் நிறவெறி இருக்கிறதா, இல்லையா?' நடுவர், புலவர் திருவரங்கனார். சிவப்பழகு கிரீம் விற்காத கடை உண்டா என்று ஓர் அணி கேட்டது. நாம் கும்பிடும் கண்ணனே கறுப்புதானே என்றது மற்ற அணி. புருஷனையும் பெண்டாட்டியையும் முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அன்று என்னதான் நடந்தது என்று அவர்களிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

முடிவில் நடுவர் மைக்கைச் சுகுணாவிடம் நீட்டினார்.

"நீயே தீர்ப்புச் சொல்லும்மா. உங்களுக்கு நடந்தது நிறவெறிதானா? நேரமாயிடுச்சு, ஒரே வார்த்தை."

சுகுணா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தலை தானாகக் குனிந்தது.

"ஆமாங்க."

மண்டபம் கைதட்டியது. குழந்தைவேலு கண்கலங்க மேடையேறி, "நான் நிறம் பார்த்துட்டனுங்க, மன்னிச்சுருங்க" என்று ஒபின்னாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். "வீட்டைத்தான் வேற ஆளுக்குப் பேசி முடிச்சுட்டேன்" என்றும் சொல்லிக்கொண்டார். சபை உருகிப்போனது. சுகுணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பழையபடி மூன்று மாடி ஏறினாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒரு வார்த்தை கேட்ட நடுவர், மன்னிப்புக் கேட்ட குழந்தைவேலு, 'ஆமாம்' சொன்ன சுகுணா, இந்த மூவரில் வெட்கப்பட வேண்டியவர் யார்?

விடை: தெரிந்தே பொய் சொன்னாள் என்று சுகுணாவைக் காட்டுகிறவர்கள் உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை, மேல் வீட்டுக் கதவைச் சாத்தியது நிறத்துக்காகத்தான். ஆனால் சாவி திரும்பிப் போனது ஒபின்னாவின் நிறத்தால் அல்ல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பது காலனி என்று குழந்தைவேலுவுக்குத் தெரியும். நிறம் பார்த்தேன் என்று மேடையில் சொல்லக் கூசாத மனிதருக்குச் சாதி பார்த்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நடுவருக்கோ இரண்டு அணி இருந்தால் போதும். வெட்கப்பட வேண்டியவர்கள் இவர்கள் இருவரும், கைதட்டிய அத்தனை பேரும். சொல்லும்போது எனக்கே கூசுகிறது, வெட்கப்பட்டது என்னவோ சுகுணா ஒருத்திதான். மாடிப்படியில் மூச்சுவாங்க நின்றவளிடம் ஒபின்னா, "என் நிறத்தால்தானே உனக்கு இந்தக் கஷ்டம்" என்று மன்னிப்புக் கேட்டான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது; சொல்ல அப்போதும் அவளுக்கு வாய் வரவில்லை.