நாலாவது தோசை

ஏற்றம் மிதிப்பவனுக்கும் சரி, ராசாவுக்கும் சரி, பசி வந்தால் வயிறு ஒரே மாதிரிதான் எரியும். முன்பு ஒரு நாட்டில் ஒரு ராசாவுக்குக் காலையிலேயே அப்படி எரிந்தது. எரிச்சலில் ஆணை பிறந்தது.

"அண்டை நாட்டில் வருஷத்துக்கொரு புதுப்பொறி வருகிறதாம். நம் கொல்லன் இடும்பன் சும்மா இருக்கிறான். மாலைக்குள் ஒன்று வராவிட்டால் அவன் பட்டறைக்குப் பூட்டு!"

இடும்பன் சும்மா இருந்தவனல்ல. ஒற்றை ஆள் இறைக்கும் ஏற்றத்துக்காக மூன்று வருஷம் பாடுபட்டான். பதினொன்று உடைந்தன. கறவை மாட்டை விற்று இரும்பு வாங்கினான். பன்னிரண்டாவது தண்ணீர் இறைத்தது. அடுத்த சந்தைக்குள் மந்திரியின் மச்சினன் திருமேனி அதைக் கயிறு போட்டு அளந்து, நாற்பது செய்து, சுங்கமும் கட்டாமல் பாதி விலைக்கு விற்றான். அதோடு இடும்பன் லாடம் அடிக்கப் போய்விட்டான்.

விகடன் முத்தாண்டி இதைச் சபையில் சொன்னான்.

"உடைந்த கதை எனக்கெதற்கு?" என்றார் ராசா. "நல்ல சரக்கு வந்தால் போதும். யார் எடுத்துக்கொண்டால் என்ன?"

"இந்தச் சட்டம் மடைப்பள்ளிக்கும் உண்டா, பிரபு?"

"எங்கும் உண்டு."

சபையில் நின்ற திருமேனி இளித்தான். "விகடனாரே, பொறி வராவிட்டால் உமக்கும் சேர்த்துப் பூட்டுத்தான்."

முத்தாண்டி ராசாவையும் திருமேனியையும் மடைப்பள்ளிக்கு அழைத்துப் போய் இலை போட்டு உட்காரவைத்தான். சமையல்காரி அங்கம்மா புதுக் கல்லில் மாவு ஊற்றினாள். மூன்று தோசை பிய்ந்தன. மூன்றுக்கும் அவள் கூலியரிசியில் முத்தாண்டி பிடித்தம் சொன்னான். நாலாவது முறுகலாக வந்தது. முத்தாண்டி அதை எடுத்துத் திருமேனியின் இலையில் போட்டான். பிறர் பொருளுக்குக் கை நீட்டியே பழகிய திருமேனி, யோசிக்காமல் தின்றுவிட்டான்.

அங்கம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன் நிறுத்தினாய்?" என்றார் ராசா.

"பிஞ்சதெல்லாம் என் தலையில. வந்ததை அவுக தின்னுட்டாக. அஞ்சாவதை நான் எதுக்குச் சாமி ஊத்தணும்?"

ராசா தம் வெறும் இலையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "பூட்டு வேண்டாம். இனி ஒருவன் கண்டுபிடித்ததை ஐந்து வருஷம் வேறெவனும் செய்யக்கூடாது. சுங்கம் எல்லாருக்கும் ஒன்று. ஆணை எழுதுங்கள்!" கழுத்துச் சங்கிலியை விகடனுக்குப் போட்டார்.

ஆணை எழுதவேண்டியவர் மந்திரி, திருமேனியின் மச்சான்.

முத்தாண்டி பட்டறைக்குப் போனான். "அடுத்தது என்னடா செய்யப்போறே?"

"காத்துலயே சுத்தி இறைக்கிற மாதிரி ஒண்ணு மனசுல ஓடிச்சுண்ணே," என்றான் இடும்பன், லாடத்தைத் திருப்பிப் போட்டபடி. "இப்ப யோசிச்சா வரமாட்டேங்குது."

வருஷம் மூன்றாயிற்று. திருமேனி கடையில் கூட்டம் குறையவில்லை. இடும்பனுக்கு ராசா தரவேண்டிய ஆணை இன்னும் பாக்கி.